ஐபோனை விட்டபின் குழுச் செய்திகள் வரவில்லையா?

பதினோரு ஆண்டுகள் ஐபோன். சென்ற மாதம் ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். சிம்மைக் கழற்றும் அவசரத்தில், ஆப்பிள் கருவிகளுக்கிடையே இணையம் வழியே செய்தி அனுப்பும் ஐமெசேஜை அணைக்க மறந்தது என் தவறு. டாலஸில் பிள்ளைகளை முறைவைத்துக் காரில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் குழு எங்களுடையது. "இன்று உங்கள் முறை" என்ற செய்தி, இழுப்பறையில் கிடந்த பழைய போனுக்குப் போயிருக்கிறது. மூன்று பிள்ளைகள் வாசலில் காத்து நின்றார்கள்.

பழைய போன் இருந்தால் சிம்மை மீண்டும் அதில் போட்டு, அமைப்புகளில் மெசேஜஸ் பகுதிக்குப் போய் ஐமெசேஜை அணையுங்கள். விற்றுவிட்டீர்களா? ஆப்பிள் தளத்தில் ஐமெசேஜ் பதிவை நீக்கும் பக்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் குறுஞ்செய்தியில் 6 இலக்கக் குறியீடு வரும். அதை இட்டால் போதும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு தனிச் செய்தி வரும், குழுச் செய்தி வராது! நண்பர்களின் ஐபோன்களில் பழைய குழு இன்னும் ஐமெசேஜாகவே இருக்கலாம். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். (கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும்.) மொபைல் டேட்டாவை அணைக்காதீர்கள், எம்எம்எஸ்ஸாக (படங்களும் குழுச் செய்திகளும் போகும் குறுஞ்செய்தி வகை) வரும் குழுச் செய்திக்கு அது வேண்டும். கூகுள் மெசேஜஸ் அமைப்பில் குழுவுக்கான பதில் எம்எம்எஸ்ஸாகப் போகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும்.