டோக்கியோவை மதுரை வரைபடத்தில் வைத்துக் கற்பிக்கும் முறை

இரண்டாம் உலகப் போரில் தொழில் நகரங்கள் மீது நடந்த குண்டுவீச்சை மதுரைப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆசிரியர், இறந்தவர் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், நகர வரைபடம் ஒன்றையும் கவராயத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1945 மார்ச் 9 இரவு தொடங்கிய அமெரிக்க விமானத் தாக்குதலில் டோக்கியோவில் ஏறக்குறைய 41 சதுர கிலோமீட்டர் எரிந்துபோனது. அதே பரப்புள்ள வட்டத்தின் ஆரம் சுமார் 3.6 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயிலில் கவராயத்தின் முனையை ஊன்றி, வரைபட அளவுப்படி வட்டம் போட்டால், மாசி வீதிகள், ரயில் நிலையம், ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம், கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆகிய எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். தம் வீட்டையும் உறவினர் வீடுகளையும் மாணவர்களே பென்சிலால் குறிக்கட்டும். அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை. அதன்பிறகே, அந்த ஓர் இரவில் சுமார் 1,00,000 பேர் மாண்டனர் என்று சொல்லுங்கள்.

வீட்டுப் பட்டறைகளிலும் போர்த் தளவாட உதிரிபாகங்கள் தயாராயின என்பது குடியிருப்புகளை எரித்ததற்கு அமெரிக்கத் தரப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த செல்லூர்ப் பிள்ளைகளுக்கு, பட்டறையும் அடுப்படியும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆனால் மர வீடுகள், எரிகுண்டுகள், பலத்த காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து தீயை எப்படிப் பரப்பின என்பதை விளக்கியே ஆக வேண்டும்.

எண்களில் கவனம் தேவை. அதே போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான ஜெர்மானிய நகரமான டிரெஸ்டனில் 2,00,000 பேர் இறந்ததாக நாஜிகள் பரப்பிய கணக்கை இன்றும் சிலர் ஒப்பிக்கிறார்கள். 2010இல் அறிக்கை தந்த வரலாற்றறிஞர் குழு, அதிகபட்சம் 25,000 என்றது.

வீட்டுப்பாடமாக, 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் வீசிய குண்டுகளுக்குப் பின் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தில் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம்.