வில்லியம் நெவின்ஸ் வெள்ளைக்காரர் இல்லை

யாழ்ப்பாணத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் நடத்திய உயர்கல்விக் கூடமான வட்டுக்கோட்டை செமினரியில் (1823–1855) படிப்பித்த ஒருவரின் வாழ்க்கையைத் தேடப் போகிறீர்களா? முதலில் பெயரைச் சரிபாருங்கள். அமெரிக்க மிஷன் பள்ளிகளில், படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவது வழக்கம். அதனால் ஆவணத்தில் 'வில்லியம் நெவின்ஸ்' என்று கண்டதும் யாரோ துரை என்று தாண்டிப் போய்விடாதீர்கள், அவர் 'நியாய இலக்கணம்' என்ற தர்க்க நூலை எழுதிய நம்ம சிதம்பரப்பிள்ளை. ஜே. ஆர். ஆர்னல்ட் என்றால் சதாசிவம்பிள்ளை, கரோல் என்றால் விசுவநாதபிள்ளை. ஊர்ப்பெயரும் அப்படித்தான்: அந்தக்கால ஆங்கிலத்தில் வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா', உடுவில் 'ஊடூவில்'. இன்றைய எழுத்துக்கூட்டை மட்டும் போட்டுத் தேடினால் பாதிக்கு மேல் கிடைக்காது.

அப்புறம் அச்சானதிலிருந்து தொடங்குங்கள். மிஷனின் மாத இதழான மிஷனரி ஹெரால்ட் ஸ்கேனாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கடிதம் கப்பலில், மிஷனின் தலைமையகம் இருந்த போஸ்டன் போய்ச் சேர மாதக்கணக்காகும், ஆகவே ஒரு வருட நிகழ்ச்சிக்கு அடுத்த வருட இதழையும் புரட்டுங்கள். ஆனால் அது நன்கொடை தருபவர்களுக்காக வெட்டி ஒட்டிய இதழ். சண்டை சச்சரவு, சம்பளப் பேச்சு எல்லாம் மூலக் கடிதத்தில்தான் இருக்கும்.

அந்த மூலக் கடிதங்கள் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. போஸ்டனிலிருந்து போன பதில்கள் வேறு தொகுதியில், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை பிடிபடும். கையெழுத்து படுத்தி எடுக்கும்: தாளை மிச்சம்பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே திருப்பி, அதன் மேல் குறுக்கே எழுதுவது அந்தக்காலத்துப் பழக்கம். படம் எடுத்துத் திரையில் சுழற்றி, ஒரு திசை வரிகளை மட்டும் படியுங்கள். முதல் பக்கத்திலேயே அந்த ஆள் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஒரு துண்டுத்தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் பத்தாவது பக்கம் சரளமாக ஓடும். தமிழ் ஆசிரியரைத் தேடுகிறவர் அவர் எழுதிய கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், செமினரியின் தலைவர்களாக இருந்த டானியல் பூர், ஹொய்சிங்டன் கடிதங்களுக்குள் அவரைப் பற்றி ஒரு வரி ஒளிந்திருக்கும்.

தமிழ்ப் பக்கத்துக்கு 1841இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகையும், ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையதளமும் இருக்கின்றன. யாழ் நூலகம் 1981இல் எரிந்ததில் போனது போனதுதான், எனவே ஒரே இடத்தை நம்பாதீர்கள்.

செமினரி மூடியதோடு ஆளின் தடம் அறுந்துவிட்டதென்றால் கடல் கடந்து மெட்ராஸ் பக்கம் தேடுங்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர், மேலே சொன்ன அதே கரோல்தான்.