காசு கட்டும் முன், ரயில் ஏறும் முன்: குமரி மாவட்ட கேமர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம், மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவன், நாலு மாதம் மிச்சம் பிடித்த காசில் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். “ஜிடிஏ 6 வருதுல்லா அண்ணே, ரெடியா இருக்கண்டாமா?” என்றான். அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அந்த கேமை அறிவித்திருந்தது பிஎஸ் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மெஷின்களுக்கும் மட்டும்தான். டிவியில் மாட்டி ஆடும் இந்த மெஷின்களைத்தான் கன்சோல் என்பார்கள். கம்ப்யூட்டரின் பெயரே அறிவிப்பில் இல்லை. அவர்களுடைய பழைய வழக்கமும் அப்படித்தான். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பர். தம்பிக்குச் செய்தி தெரிந்திருந்தது. எந்த மெஷினுக்கு என்ற ஒரு வரி மட்டும் கண்ணில் படவில்லை.

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த மாதிரித் தவறுகள் கூடுதலாக வலிக்கும். ஒரு கேம், காமிக்ஸ் விழாவுக்குப் போகவேண்டுமென்றால் சென்னைக்கு ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். வாங்கிய பொருள் சரியில்லை என்றால் கொண்டுபோய் மாற்றுவதும் லேசில்லை. எனவே எதையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு நம்புவது நமக்கு மிச்சம்.

முதலில் ரிலீஸ் தேதி. அதைக் கல்யாண முகூர்த்தம் போல எடுத்துக்கொண்டு லீவு எழுதிக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஜிடிஏ 6 முதலில் 2025 என்றார்கள். 2025 மே மாதம் அது 2026 மே 26க்குப் போனது, நவம்பரில் மறுபடியும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளியது. சைபர்பங்க் 2077 கதை இன்னும் மோசம். 2020 ஏப்ரல் 16, செப்டம்பர் 17, நவம்பர் 19 என்று நகர்ந்து கடைசியில் டிசம்பர் 10இல் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அக்டோபர் தொடக்கத்திலேயே ‘கேம் கோல்ட் ஆகிவிட்டது’ என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கோல்ட் என்றால் டிஸ்க்கில் அச்சடிக்க வேண்டிய மாஸ்டர் பிரதி தயார் என்று பொருள். அதற்குப் பிறகும் அந்த மாதக் கடைசியில் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். லீவு சொல்வதானால், முன்கூட்டியே டவுன்லோட் செய்ய வழி திறந்த பிறகு சொல்லுங்கள்.

தேதி தள்ளிப்போனால் பொறுத்திருக்கலாம், காசு போனால் என்ன செய்வது? சைபர்பங்க் விமர்சனங்கள் வந்த அன்று பல இடங்களில் ஒன்பது, பத்து என்று மார்க். அதை நம்பி நான் பிஎஸ் 4 டிஸ்க் வாங்கினேன். வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும். பிஎஸ் 4இல் கேம் எப்படி ஓடும் என்று அந்த மார்க் போட்ட யாரும் பார்த்திருக்கவில்லை. டிஸ்க்கைப் போட்டேன். தெருவில் நிற்கிற ஆட்கள் அரை நிமிடம் கழித்துத்தான் முகம் பெற்றார்கள், வண்டி ஓட்டினால் படம் விட்டுவிட்டு நின்றது. ஒரு வாரத்தில் சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து அந்த கேமை எடுத்துவிட்டது. பிறகு பல மாதம் சரிசெய்து இன்று அது அருமையான கேம், மறுக்கவில்லை. ஆனால் விமர்சனத்தைப் படிக்கும்போது மார்க்குக்கு முன்னால் எந்த மெஷினில் ஆடிப் பார்த்தார் என்பதைத் தேட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கதாபாத்திரத்துக்கு முகம் வடிவமைப்பதிலேயே அந்த இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடாதீர்கள்.

அப்புறம், ‘வந்துவிட்டது, இந்த லிங்க்கில் எடுத்துக்கொள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் மறைந்தது, 2023 மே மாதம் திரும்பியது. அந்த இடைவெளிகளில் எத்தனை போலி ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்ட் போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) நம் போன்களில் சுற்றின! என் கூடப் படித்த ஒருவன் அப்படி ஒன்றில் தன் பழைய ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டான். மூன்று வருடமாகச் சேர்த்த ஸ்கின் (கேமுக்குள் போடும் உடை, அலங்காரம்) எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் போனது. ஒரு கேம் உண்மையிலேயே திரும்பி வந்தால் பிளே ஸ்டோரில் இருக்கும். இல்லையென்றால் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

யூடியூப் தலைப்பில் ‘உறுதியானது’ என்று இருந்தால் உறுதி செய்தது யார் என்று பாருங்கள். சில்க்சாங் என்ற கேம் 2019இல் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4இல் வந்தது. நடுவில் எத்தனை ‘உறுதியான தேதி’ வந்தது என்று எண்ணி முடியாது. உண்மைத் தேதியை உருவாக்கியவர்கள் சொன்னது இரண்டே வாரத்துக்கு முன்புதான்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் மாலை 5 மணிக்குத் தொடங்கும் கேம் அவார்ட்ஸ் விருது விழா நமக்கு மறுநாள் காலை 6:30. அங்கே வியாழக்கிழமை என்றால் இங்கே வெள்ளிக்கிழமை எழுந்திருக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் சண்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தைப் பற்றி ‘ஆன்லைன் கேமுக்குத் தடை’ என்று தலைப்பைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் போனைப் பிடுங்கிய அப்பாக்கள் உண்டு. அந்தச் சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாக்களை. போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் அப்பா கேட்பார்.

சரி, விழாக்களுக்கு வருவோம். சென்னையில் காமிக்ஸ், கேம் ரசிகர்களுக்கான முதல் காமிக் கான் விழா 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தபோது நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். நம் ஆட்கள் அடிக்கடி செய்யும் தவறு, விழாவின் பெயரை மட்டும் பார்த்துக் கிளம்புவது. 2025 நவம்பரில் அதே மையத்தில் நடந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு கேம் உருவாக்குகிறவர்களுக்கானது. வேலை தேடுகிறவருக்கு அது பொன்னான இடம், காஸ்ப்ளே (கேம், காமிக்ஸ் கதாபாத்திரம் போல வேஷம் கட்டுவது) பார்க்கப் போகிறவருக்கு ஏமாற்றம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். விழாத் தேதி தெரிந்த அன்றே நாளை எண்ணி வையுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயிலில் பரங்கிமலைக்கு வந்தால் நந்தம்பாக்கம் பக்கம். திரும்பும்போது அதே வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போட்டால் கஷ்டம். மாலை ஐந்து ஆறு மணிக்குள் எழும்பூரில் கிளம்பிவிடும் என்பதால் காஸ்ப்ளே இறுதிப் போட்டியை விட்டுவிட்டு ஓட வேண்டிவரும். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் அதற்குப் பிறகுதான் கிளம்பும், குழித்துறைக்காரர்களுக்கு அதுவே வசதி.

காஸ்ப்ளே செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்திலோ தகரத்திலோ வாள் செய்யாதீர்கள். வாசலில் ஆயுதச் சோதனை இருக்கும், அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஈவிஏ ஃபோம் ஷீட் போதும், வெட்டி ஹீட் கன்னால் வளைத்து ரப்பர் சொலூஷனால் ஒட்டலாம். நீளமான வாளை இரண்டு துண்டாகச் செய்து, உள்ளே பிவிசி குழாய் ஒன்றைச் செருகி இணைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நான் நாலரை அடி வாளை ஒரே துண்டாகச் செய்து ஸ்லீப்பரில் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். மதுரையில் ஏறிய குடும்பத்தின் பெட்டி அதன்மேல் ஏற, விடியும்போது நுனி மடங்கிக் கிடந்தது. உடையை முந்தின வாரமே முழுதாகப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், உட்கார்ந்து பாருங்கள், தண்ணீர் குடித்துப் பாருங்கள். அரங்குக்குள் ஏசி இருக்கும், ஆனால் வெளியே வரிசையில் நிற்கும்போது தோள்கவசத்துக்குள் வியர்வை இறங்கி ஒட்டு விடும். ஒரு டியூப் சொலூஷனும் இரட்டைப் பக்க டேப்பும் பையில் இருக்கட்டும்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வேஷம் கட்டிய பெண்ணிடம் “ஒரு போட்டோ எடுக்கலாமாக்கா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். அவர் வேண்டாம் என்றால் போனை இறக்கிவிட்டு நகருங்கள்.