வக்கீலைப் பார்க்கப் போகும்முன்: முதல் சந்திப்பை வீணாக்கும் தவறுகள்

முதல்முறை வக்கீலிடம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பை நிறையக் காகிதமும் ஒரு நீண்ட கதையுமாகப் போகிறார்கள். கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். அதில் முக்கால்வாசி, எதிராளி எவ்வளவு மோசமானவர் என்று சொல்வதிலேயே கரைந்துவிடும். வெளியே வரும்போது மனப்பாரம் இறங்கியிருக்கும். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டால் பதில் இருக்காது.

அதற்கும் முன்பே நடக்கிற தவறு ஒன்று உண்டு: தாமதம். சட்டத்தில் ஏறக்குறைய எல்லா உரிமைக்கும் ஒரு காலவரம்பு இருக்கிறது. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டுகள். ஒப்பந்த மீறலுக்கு இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் பொதுவாக 6 ஆண்டுகள். ஆண்டுக் கணக்கு கூடப் பரவாயில்லை, நாள் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். இந்தியாவில் செக் திரும்பிவந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன்" என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்த 30 நாள் ஓடுவதே தெரியாது. அதனால் நேரம் கேட்டுப் போன் செய்யும்போதே, கையில் உள்ள காகிதத்தில் ஏதாவது கெடு இருந்தால் சொல்லிவிடுங்கள். எதிராளியின் பெயரையும் அப்போதே சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே அதே வக்கீலின் கட்சிக்காரராக இருந்தால், மொத்தக் கதையையும் கொட்டிய பிறகு அது தெரியவருவது இருவருக்கும் சங்கடம்.

எந்த அனுபவம்?

"30 வருஷமா பிராக்டிஸ் பண்றார்" என்பது பாதித் தகவல்தான். முப்பது வருஷமும் கிரிமினல் வழக்கு நடத்தியவர், பாகப்பிரிவினை வழக்குக்குப் புதியவராக இருக்கலாம். வாரம் தவறாமல் குடும்ப நீதிமன்றத்தில் நிற்கிற பத்து வருஷக்காரர், உங்கள் விவாகரத்து வழக்கில் அவரைவிடத் தெளிவாக வழி சொல்லக்கூடும். இந்த மாதிரி வழக்கு, இந்த நீதிமன்றத்தில், சமீபத்தில் நடத்தியிருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: விசாரணைக்கு வரப்போவது அவரா, ஜூனியரா? ஜூனியர் வருவதில் தப்பில்லை. வாய்தா அன்றைக்குத்தான் அது தெரியவருகிறது என்றால் தப்பு. வக்கீலாகப் பதிவு பெற்றவர்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் வக்கீல்களைப் பதிவு செய்வது மாநில பார் கவுன்சில், பதிவு எண்ணை அங்கே சரிபார்க்கலாம். மற்ற நாடுகளிலும் இதுபோன்ற பதிவேடு உண்டு.

சொந்தக்காரரின் நண்பர் என்பதற்காக ஒருவரை அமர்த்துவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பீஸைப் பற்றி வாய் திறக்க முடியாது. வேலை சரியில்லை என்றாலும் மாற்ற முடியாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஒரு தாள் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்: தேதிவாரியாக நடந்ததை எழுதிய தாள். வீட்டைக் காலி செய்த பிறகு வாடகை முன்பணம் திரும்ப வரவில்லை என்ற சாதாரணத் தகராறையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் போட்ட தேதி, முன்பணம் கொடுத்த தேதி, காலி செய்வதாகச் சொன்ன தேதி, சாவியைத் திருப்பிக் கொடுத்த தேதி, பணத்தைக் கேட்ட தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு வரி. ஒப்பந்தத்துக்குப் பத்திரம் இருக்கிறது, பணத்துக்கு வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறது, காலி செய்வதாக அனுப்பிய செய்தி போனில் இருக்கிறது. சாவி கொடுத்ததற்கு? "நேரில் கொடுத்தேன், யாரும் பக்கத்தில் இல்லை." வக்கீலின் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். எதிராளி நாளைக்கு "இன்னும் ரெண்டு மாசம் வீடு அவங்ககிட்டதான் இருந்தது" என்று சொல்லப்போவதும் அங்கேதான். வாயால் கதை சொல்லும்போது இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

காகிதங்களை அதே தேதி வரிசையில் அடுக்கி, ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டலாம், முதல் நாளே ஒப்படைக்க வேண்டியதில்லை. பின்னால் கொடுக்க நேர்ந்தால், என்னென்ன கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அசலின் மேல் பேனாவால் கோடு போடுவது, ஓரத்தில் குறிப்பெழுதுவது எல்லாம் வேண்டாம். நோட்டீஸ் வந்த கவரைப் பலர் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அதன் மேல் உள்ள தபால் முத்திரைதான் சாட்சி.

போனில் இருக்கிற உரையாடல்களுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும் என்று நினைத்துப் பழைய போனை விற்றுவிடுபவர்கள் உண்டு. உரையாடல் முழுதாக, அது வந்த கருவியிலேயே இருப்பது நல்லது. நமக்குச் சங்கடமான செய்திகளை மட்டும் அழிப்பது அதைவிட மோசம். எதிராளியின் போனில் அவை அப்படியேதான் இருக்கும். ஆதாரத்தை அழித்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

சொல்லாமல் விட்டது

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பொய் சொல்வதும் இல்லை, சிலதைச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். முன்பு ஒரு வழக்கு இருந்தது, ஒருமுறை கோபத்தில் மிரட்டிச் செய்தி அனுப்பினேன், கொஞ்சம் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலின் வாயிலிருந்து முதல்முறை வந்தால், உங்கள் வக்கீலால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கு விளக்கம் தயார் செய்திருப்பார், அல்லது சமரசமே மேல் என்று சொல்லியிருப்பார்.

வக்கீலிடம் சொல்வதைச் சட்டம் ரகசியமாகக் காக்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த ரகசியத்துக்கே சிக்கல் வரலாம். கூட வந்த மாமா நாளைக்கு உங்கள் சாட்சியாகவும் நிற்க வேண்டியிருக்கலாம். அவர் வெளியில் உட்காரட்டும்.

பீஸும் கையெழுத்தும்

"ஜெயிச்சிடுவோமா?" என்று கேட்காதவர் இல்லை. நிச்சயம் ஜெயிக்கலாம் என்று முதல் நாளே சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நம் பக்கம் எது பலவீனம், தோற்றால் என்ன இழப்போம், வழக்குக்குப் போகாமல் முடிக்க வழி உண்டா என்று கேட்டால் உபயோகமான பதில் வரும். அதற்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்: பணமா, வீடா, மன்னிப்பா, விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதுமா.

பீஸ் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா, நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் அதில் அடக்கமா, மேல்முறையீடு தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெயித்தால் மட்டும், கிடைப்பதில் பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சகஜம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. அப்படி யாராவது பேரம் பேசினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். உங்கள் சார்பில் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரமும், பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் அதிலேயே எழுதியிருக்கக்கூடும். வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், "அப்புறம் நிரப்பிக்கலாம்" என்றாலும் சரி.

ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவரைப் பார்க்கலாம். வழக்கு நடுவில் மாற்ற வேண்டிவந்தாலும், பீஸ் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்துவைக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது. பாக்கிக்கு அவர் தனியாக வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.