கல்லீரல் புற்றுநோய்க்குத் தீவிர கீமோ பெறும் குழந்தை: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு குழந்தைகளின் கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஹெபடோபிளாஸ்டோமா என்ற வகையைச் சேர்ந்தவை. நுரையீரல் வரை பரவியிருந்தாலும் அதைக் குணப்படுத்த வாய்ப்புண்டு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை நெருக்கமான இடைவெளியில் செலுத்தி, டாக்சோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்த்து, கட்டி சுருங்கியபின் அறுவை செய்யும் முறையை ஆராய்ந்த சியோபெல் 4 என்ற பன்னாட்டு ஆய்வு 2013இல் வெளியானது. நோய் முற்றிய 62 குழந்தைகள் பங்கேற்ற அதில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 83 விழுக்காடு. ஆனால் அத்தனை தீவிரமான மருந்து இரத்த அணுக்களையும் வீழ்த்திவிடும். சிகிச்சை சென்னையிலோ வேலூரிலோ பெங்களூரிலோ நடக்க, அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குழந்தைகள் பலர் வீட்டில்தான் கழிக்கிறார்கள்.

அந்நாட்களில் நேரும் தவறுகளிலேயே மிகக் கொடியது, இரவில் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது. வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் கிருமி புகுந்தால் சீழோ சிவப்போ தோன்றாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும், மாத்திரை அதையும் மறைத்துவிடும். வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே புறப்பட வேண்டும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏறுவதே இலக்கு. அஞ்செட்டியிலோ சித்தேரியிலோ இருப்பவர்கள் நேரே பெருநகரத்துக்கு வண்டி பிடிப்பதைவிட, சிகிச்சைக் கோப்புடன் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, வழியிலேயே புற்றுநோய்ப் பிரிவைத் தொலைபேசியில் அழைப்பது நல்லது. எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் தசைக்குள் இரத்தம் கசியும்.

கல்லீரல் என்றதுமே கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கச் சொல்லும் உறவினர் இல்லாத வீடு நம் பக்கத்தில் அரிது. அக்கறையில் சொல்வதுதான், எனினும் சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தை வாட்டிக்கொண்டிருக்கையில், அளவு தெரியாத எந்தச் சாறும் மருத்துவர் அறியாமல் உள்ளே போகக் கூடாது. போலியோ முகாமில் கொடுக்கும் சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால் இக்குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்கும் முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும். வயிற்றுக் கட்டி சிறுத்துவிட்டது, இரத்தத்தில் கட்டியைக் காட்டும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு இறங்கிவிட்டது என்று அடுத்த சுற்றைத் திருவிழாவுக்காகத் தள்ளிப்போடுவதும் ஆபத்தே.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதே என்று செவித்திறன் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். சிஸ்பிளாட்டின் முதலில் பறிப்பது கீச்சொலிகளைக் கேட்கும் திறனை; தாயின் குரல் கேட்கும் பிள்ளைக்கும் ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகள் கேட்காமல் பேச்சு பிந்தலாம். சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து இப்பாதிப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் வேறெங்கும் பரவாத குழந்தைகள். ஆகவே முற்றிய நிலையில் அதைக் கேட்டு வற்புறுத்துவதைவிட, சிகிச்சை தொடங்கும் முன்னும் இடையிலும் முடிந்த பிறகும் செவிப் பரிசோதனையையும், டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேனையும் தவறாமல் செய்துகொள்வதே முறை.