ஏழாவதோடு படிப்பை விட்டவர்கள் பத்தே மாதத்தில் பத்தாவது முடிக்க

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ‘துல்யதா’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும் பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்பு அது. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று வருஷம் படிப்பதைப் பத்து மாதத்துக்குள் படித்துவிட வேண்டும். தமிழ் வழியிலும் படிக்கலாம். நான் அப்படித்தான் முடித்தேன். இப்போது தெருவில் யார் சேர்ந்தாலும் விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: தகுதி பாருங்கள்

17 வயது நிறைந்திருக்க வேண்டும், ஏழாவது தேறியிருக்க வேண்டும். எட்டிலோ ஒன்பதிலோ நின்றவர்களும் பத்தாவதில் தவறியவர்களும் சேரலாம். ஏழாவதும் இல்லையா? நாலாவதுக்கும் ஏழாவதுக்கும் தனித்தனியே சமநிலைப் படிப்பு இருக்கிறது, அங்கிருந்து ஏறி வரலாம். 17 ஆகாத பிள்ளைக்கு இது கிடையாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதிலேயே பத்தாவதுக்குச் சேர்ப்பார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் போக முடிகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்கள்.

படி 2: டி.சி.யையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

நம்மில் பாதிப் பேர் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் படித்தவர்கள். அங்கே டி.சி.யில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். என் விண்ணப்பம் இதற்காகவே திரும்பி வந்தது. திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது, ஒரு வருஷம் வீண். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: பிரேரக்கைப் பாருங்கள்

விண்ணப்பம் ஆன்லைனில்தான். ஆனால் பஞ்சாயத்தின் தொடர்வித்யா கேந்திரத்தில், அதாவது தொடர்கல்வி மையத்தில், இருக்கும் பிரேரக் என்ற மிஷன் ஊழியரிடம் போனால் கூடவே இருந்து நிரப்பித் தருவார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் கட்டணச் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள். பயிற்றுமொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள்.

படி 4: வகுப்பு தொடங்கும் முன்னே இந்தி எழுத்தைப் பழகுங்கள்

ஒன்பது பாடம்: தமிழ், ஆங்கிலம், இந்தி, கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், சமூக அறிவியல், தகவல் தொழில்நுட்பம். தமிழ்நாட்டில் படித்தவர்கள் பலர் இந்தி எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். நமக்கு ஒரே ‘க’. அங்கே நான்கு ‘க’, நான்குக்கும் நான்கு எழுத்து, நான்கு ஒலிப்பு. ‘காகம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘கா’ அழுத்தி வரும், நடுவில் உள்ள ‘க’ மெலிந்து வரும். இந்த வித்தியாசத்துக்குத்தான் அங்கே தனித்தனி எழுத்து என்று புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். தினம் ஐந்து எழுத்து, சமையல்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். பத்தே நாளில் எழுத்து பிடிபட்டது.

கணக்கில் அடிவாங்குவது பின்னத்தில். 3/4 + 1/6 என்றால் கீழ் எண்களை 12 ஆக்கி, 9/12 + 2/12 = 11/12. இது கை வராமல் பத்தாவது கணக்குக்குள் போகாதீர்கள். பிள்ளைகளின் ஆறாவது, ஏழாவது புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: ஞாயிறை விடாதீர்கள்

வகுப்பு ஞாயிறும் விடுமுறை நாட்களும் மட்டுமே. அதனால் ஒரு ஞாயிறு போனால் ஒரு வாரப் பாடமே போய்விடும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 6: டி பிளஸ் என்ற கோடு

இங்கே பத்தாவதில் மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு. 90-உம் அதற்கு மேலும் ஏ பிளஸ். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது டி பிளஸ், அதாவது 30 முதல் 39 வரையான கிரேடு, வந்தால்தான் மேற்படிப்புக்குத் தகுதி. எட்டுப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கி இந்தியில் 28 வாங்கினாலும் தகுதி இல்லை. ஆகவே பிடித்த பாடத்தை மெருகேற்றும் நேரத்தில் பிடிக்காததைத் தொடுங்கள்.

தேறிய பின் சான்றிதழ் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம். பி.எஸ்.சி. என்ற கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பத்தாம் வகுப்புத் தகுதி வேலைகளுக்கு எழுதலாம். பிளஸ் டூ சமநிலைக்கு மட்டும் 22 வயது நிறைய வேண்டும். எங்கள் தெருவில் மூன்று பேர் அதற்கு இப்போது விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.