டூயல் பூட்ல சொதப்பறது பென்டிரைவ் சொருகறதுக்கு முன்னாடியேதான்

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து கோத்தகிரில எனக்குத் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா பழைய லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "லினக்ஸ் போட்டுக் குடு, ஆனா விண்டோஸும் இருக்கணும்"ங்கறாங்க. லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சிக்கறதுதான் டூயல் பூட். கேக்கறது நியாயந்தான், சில சாஃப்ட்வேர் லினக்ஸ்ல ஓடவே ஓடாது. ஆனா எல்லாரும் லினக்ஸ் இன்ஸ்டால் பண்றதுதான் கஷ்டம்னு நெனச்சிட்டு இருக்காங்க, அது அரைமணி நேர வேலை, நான் பாத்த சொதப்பல் முக்காவாசி அதுக்கு முன்னாடி விண்டோஸ்க்குள்ள செய்யவேண்டியதை செய்யாம விட்டதால வந்ததுதான்.

மொதல்ல என் சொந்த சொதப்பலை சொல்லிடறேன். எங்க மாமா ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சிருக்காரு, இலை எத்தனை கிலோ போச்சு, ஏஜென்ட் எவ்ளோ குடுத்தாரு எல்லாம் ஒரு எக்செல் ஃபைல்ல. அவரோட டெஸ்க்டாப்ல டூயல் பூட் பண்றேன்னு நான் உக்காந்தது ஐப்பசி மாசம். எங்க பக்கம் ஆடி மழையைவிட ஐப்பசி கார்த்திகை மழைதான் ஜாஸ்தின்னு தெரிஞ்சும், யூபிஎஸ் இல்லாத மெஷின்ல, பேக்கப் எடுக்காம, லினக்ஸ் இன்ஸ்டாலர்லயே விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்ல விண்டோஸ் இருக்கற பகுதியை, சுருக்க விட்டேன். பாதில எங்கயோ சில்வர் ஓக் கிளை லைன் மேல விழுந்து கரண்ட் போச்சு. டேட்டாவை எடம் மாத்திட்டு இருக்கறப்போ கரண்ட் போனா என்ன ஆகும், பார்ட்டிஷன் போச்சு. "டேய், என் கணக்கு எங்கடா?"ன்னாரு மாமா. நல்லவேளை ஏஜென்ட் குடுத்த சீட்டையெல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு, மூணு ராத்திரி உக்காந்து நாந்தான் திரும்ப டைப் பண்ணேன்.

அதனால பேக்கப் வேற ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும், அதே டிஸ்க்ல டி டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிட்டு பேக்கப்னு சொல்லாதீங்க. எடம் ஒதுக்கறதை விண்டோஸ்லயே டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஷ்ரிங்க் குடுத்து செய்யுங்க, லேப்டாப்னா முழு சார்ஜ் போட்டுட்டு, டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இருந்தா மட்டும். லினக்ஸ்ல ஒரு வகையான மின்ட்க்கு 20 ஜிபி போதும்பாங்க, 100 ஜிபி குடுத்தா நிம்மதி. சுருக்கின எடத்தை அப்படியே காலியா விடணும், நெறைய பேர் ஆர்வத்துல அதையும் ஃபார்மட் பண்ணி ஈ டிரைவ் ஆக்கிடறாங்க, அப்புறம் இன்ஸ்டாலர் காலி எடமே இல்லைங்குது.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கை கீ போட்டுப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. இதை யாருமே கண்டுக்கறதில்ல, ஆனா இதுலதான் கண்ணீர் விட்டு அழுதவங்களை பாத்திருக்கேன். புது லேப்டாப் நெறையத்துல, ஹோம் எடிஷனா இருந்தாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள போனதும் டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆயிடும், அதாவது பூட்டிக்கும், நம்மகிட்ட தனியா கேக்கக்கூட கேக்காது. அப்புறம் லினக்ஸ்க்காக பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) போய் செக்யூர் பூட்டை (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் பண்ண விடற காவல்) ஆஃப் பண்ணா அடுத்த தடவை நீலத் திரைல 48 இலக்க ரிகவரி கீ கேட்டுட்டு நிக்கும். கீ அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்லதான் இருக்கும், ஆனா ஒரு காலேஜ் பொண்ணுக்கு லேப்டாப் வாங்கின எடத்துலயே யாரோ தன்னோட மெயில் ஐடியைப் போட்டு செட்டப் பண்ணி குடுத்திருந்தாங்க, அந்த பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் சொல்லுங்க. செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு தேடிப் பாருங்க, ஆன்ல இருந்தா கீயை பேப்பர்ல எழுதி வச்சிட்டு, ஆஃப் பண்ணி, முழுசா டிகிரிப்ட் ஆகறவரைக்கும் விட்டுட்டு அப்புறம் மத்த வேலையை பாருங்க. சொல்லப்போனா உபுன்டு, மின்ட் மாதிரி லினக்ஸ்க்கெல்லாம் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும்னு அவசியமே இல்ல, பழைய வீடியோவை பாத்துட்டு பண்றாங்க.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணுங்க, கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்ல இருக்கும். அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாம பாதித் தூக்கத்துல இருக்கும், அப்ப லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடும், வம்பா எழுத வச்சா ஃபைல் கெட்டுப்போகும்.

சில இன்டெல் லேப்டாப்ல இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியவே காட்டாது, கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க, பயாஸ்ல ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி இல்லன்னா விஎம்டிங்கற இன்டெல் மோட்ல இருக்கும். அதை நேரா ஏஹெச்சிஐங்கற சாதாரண மோட்க்கு மாத்தினா விண்டோஸ் பூட் ஆகாம படுத்துக்கும், அதனால முதல்ல விண்டோஸை சேஃப் மோட்ல பூட் ஆகற மாதிரி செட் பண்ணிட்டு பயாஸ்ல மாத்தி ஒரு தடவை சேஃப் மோட்ல போய்ட்டு வரணும். விண்டோஸ் யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறைல இருந்தா லினக்ஸ் இன்ஸ்டாலர் இருக்கற பென்டிரைவையும் யூஇஎஃப்ஐலயே பூட் பண்ணுங்க, லெகஸிங்கற பழைய முறைல போட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காது.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லைவ்ல, அதாவது பென்டிரைவ்ல இருந்தே, ஒரு மணிநேரம் ஓட்டிப் பாருங்க. ஒய்ஃபை, சவுண்ட், பிரைட்னஸ் எல்லாம் வேலை செய்யுதான்னு. ஒய்ஃபை வரலைன்னா போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, டிரைவர் டவுன்லோட் பண்ண அது போதும்.

இன்ஸ்டாலர்ல 'எரேஸ் டிஸ்க்'னு ஒண்ணு வரும் பாருங்க, அதுல டிக் போட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனீங்கன்னா விண்டோஸ், கல்யாண ஃபோட்டோ எல்லாம் காலி. பக்கத்துலயே விண்டோஸோட சேத்து போடற ஆப்ஷன் இருக்கும். நீங்களே பார்ட்டிஷன் போடறதா இருந்தா டிஸ்க்கை பேரைப் பாத்து இல்ல, சைஸைப் பாத்து அடையாளம் கண்டுபிடிங்க, ஏன்னா பென்டிரைவும் அதே லிஸ்ட்ல வரும். 100 எம்பி மாதிரி குட்டியா ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும், அதை ஃபார்மட் பண்ணாதீங்க, விண்டோஸோட பூட் ஃபைல் அதுக்குள்ளதான் இருக்கு.

மாமா மெஷின்ல மறுபடி ரெண்டையும் போட்டு முடிச்சு ஒரு வாரம் கழிச்சு அவர் போன் பண்ணாரு, காலைல ஒம்போது மணிக்கு விண்டோஸ் விடியக்காலம் மூணரைன்னு காட்டுதாம். மெஷின் கடிகாரத்துல விண்டோஸ் நம்ம ஊர் டைம் எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், அந்த 5:30 மணிநேர வித்தியாசம்தான் இது. லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல் (timedatectl) கமாண்ட்ல லோக்கல் டைம்க்கு மாத்திவிட்டா சரியாயிடும்.

பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் லினக்ஸ் மெனு வரலைன்னா அழிஞ்சிடுச்சுன்னு திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க, பூட் ஆர்டர்தான் மாறியிருக்கும், டெல் லெனோவோல எஃப்12, ஹெச்பில எஃப்9 தட்டி லினக்ஸ் பேரைப் பாருங்க. லினக்ஸ் வேணாம்னு தோணினாலும் நேரா அந்த பார்ட்டிஷனை டிலீட் பண்ணிடாதீங்க, எதுல போகணும்னு கேக்கற லினக்ஸோட பூட் மெனு (கிரப்) தன் ஃபைலைக் காணாம கிரப் ரெஸ்க்யூன்னு கருப்புத் திரைல நிக்கும். மொதல்ல பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை மேல கொண்டு வந்து, ரெண்டு தடவை நேரா விண்டோஸ் வருதான்னு பாத்துட்டு அப்புறம் அழிங்க.